ஆடு, போர்வை, ஏணி: மைக்கில் போன மாமன் சீர்

1

நேற்று வேலைக்கு நடுவில் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. என் தங்கை மகள் செவ்வந்தியும் அவள் வீட்டுக்காரரும் நிற்கிறார்கள். நடுவில் ஒரு வெள்ளாடு, அதன் காலடியில் இரண்டு குட்டிகள். கீழே ஒரு வரி: "இன்னியோட கல்யாணமாயி ஒரு வருஷம் மாமா. உங்க மொத சொல்லு குட்டி போட்டுச்சி."

பக்கத்து மிசினில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் போர்ச்சுகீசியப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, அழகான ஆடு என்றாள். அது வெறும் ஆடு இல்லையம்மா, பன்னிரண்டு பற்கள் உள்ள ஒரு சாவியின் முதல் பல் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த போர்ச்சுகீசியமெல்லாம் தோல், நூல், ஊசி, முதுகுவலி, நாளைக்கு வாருங்கள். கடைசியைக் குடியேற்ற அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே படிக்காததையெல்லாம் இங்கே வரிசையில் நின்று படிக்கிறேன்.

அவளிடம் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்காவது அந்த ஆட்டின் கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

போர்ட்டோ நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி, ஷூ கம்பெனிகளாகவே இருக்கிற சிற்றூரில் இருக்கிறோம். ஆம்பூரில் தைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு ஏஜென்ட் இங்கே கொண்டுவந்து விட்டார். பிறகு மனைவியும் மகள் கயலும் வந்தார்கள். கயல் வரும்போது அவளுக்கு நான்கு வயது. இப்போது கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். தமிழ் பேசுவாள். வீட்டில் அம்மாவிடம் பிடித்த தமிழ் என்பதால் "இன்னா" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆனால் அந்த "இன்னா"வை இந்த ஊர்க்காரர்கள் மாதிரி இழுத்துப் பாடுவாள்.

செவ்வந்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரும்போது சிக்கலாகலாம் என்று அலுவலகத்தில் ஒரு அம்மாள் சொன்னாள். "ஆகலாம்" என்றுதான் சொன்னாள். எனக்கு அது போதும். விமானநிலையத்தில் என்னை உட்காரவைத்து விசாரிப்பதுபோல மூன்று விதமாகக் கற்பனை செய்து, மூன்றிலும் தோற்றேன்.

போக முடியாது சரி. சீர் போயாக வேண்டுமே. எங்கள் மலையில், நெல்லிவாசல் பக்கத்தில், எங்கள் சனத்தில் தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள்.

நகை அனுப்பலாம் என்றாள் மனைவி. அங்கேதான் எனக்கு ஒரு பழைய முள் இருந்தது. என் தங்கை பச்சையம்மாள் கல்யாணத்துக்கு, முதல் வருஷச் சம்பளத்தையெல்லாம் சேர்த்து மூன்று பவுன் சங்கிலி போட்டேன். மச்சான் நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்த கோடையிலேயே போர் போடுவதற்காக அதை அடகு வைத்தார். இருநூறு அடிக்கு மேல் புழுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. சங்கிலியும் வரவில்லை. இன்றைக்கும் கூட்டத்தில் நிற்கும்போது தங்கையின் கை தானாகக் கழுத்துக்குப் போய் ஒன்றுமில்லாமல் திரும்பிவரும். வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்திக்கு அப்படி ஆகக் கூடாது. நர்ஸ் படித்து வேலூரில் வேலை பார்க்கிறவள். அவளைத் தவிர வேறு ஒருவர் கையும் படாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அப்போ பிட்காயின் குடு," என்றாள் கயல், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

3

கயல் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிட்காயினை வைத்துக்கொள்ளப் பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி. அதை முதன்முதலில் முடுக்கும்போது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அந்தச் சொற்கள்தான் சாவி. கருவி உடைந்தால் வேறொன்று வாங்கி அதே சொற்களைப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்தச் சொற்கள் யாருக்குத் தெரிகிறதோ அவர்தான் முதலாளி. எடுத்துக்கொண்டு போனால் புகார் கொடுக்க மேனேஜர் கிடையாது, கிளை கிடையாது, கவுன்டர் கிடையாது. கவுன்டரே கிடையாது என்று கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது.

"அவளே செய்யணும்ப்பா," என்றாள் கயல். "அவளே சொல்லை எழுதிக்கணும், காசு போய்ச் சேர்ற அட்ரஸ் மட்டும் நமக்கு அனுப்பணும். நீ செஞ்சா சாவி உனக்கும் தெரியும். அப்போ அது உன் பெட்டிதான்."

நியாயமான பேச்சு. ஆனால் அப்படிச் செய்தால் கருவியைக் காலியாக அல்லவா அனுப்ப வேண்டும்? காலிப் பாத்திரத்தைக்கூடச் சீர்த் தட்டில் வைக்க மாட்டோம், ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் வைப்போம். போர்ச்சுகலில் வளர்ந்த பெண்ணுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? நானே செய்துவிட்டேன். சமையலறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைப்பேசிகளையெல்லாம் அடுத்த அறையில் போட்டுவிட்டு, சொற்களை எழுதினேன். நான்கு வருஷமாகக் கயல் சொல்லிச் சொல்லி அவள் கைப்பேசி வழியாக மாதாமாதம் வாங்கிச் சேர்த்த பிட்காயினெல்லாம் அதில் போனது. அன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட மூன்று பவுன்.

காகிதம் மழைக்குத் தாங்காது என்று, ஷூவுக்கு உள்ளே வைக்கிற மெல்லிய அஸ்தர் தோலில் அழியாத மையால் எழுதினேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டு, சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக. பிறகு ஒரு கைப்பை தைத்து, இரண்டு தோலுக்கு நடுவில் அந்தத் துண்டை வைத்து இரட்டைத் தையல் போட்டேன். முப்பது வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமான தையல் போட்டதில்லை.

கம்பெனியில் என்னோடு இருக்கும் வாணியம்பாடி பாஷா பாய் விடுமுறையில் போனார். கருவியைப் பைக்குள் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மனுஷர் அதை நெஞ்சுப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒடுகத்தூரில் பஸ் மாறி, ஜீப்பில் தொங்கி, மலையேறிக் கொண்டுசேர்த்தார். கல்யாணம் முடிகிறவரை இருந்துவிட்டுப் போங்கள் என்று தங்கை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

இதுவரை தவறில்லை. இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது: வழியில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தால்? தங்கையைக் கூப்பிட்டு, பையின் அடித்தையலைப் பிரித்து, உள்ளே ஒரு துண்டு இருக்கும், எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார், யாருக்கும் காட்டாதே என்றேன்.

"பார்த்துட்டேன்ண்ணா. பன்னண்டு வரி கீது. பளிச்சுனு கீது," என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அது ஒரு பாதுகாப்பு என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

4

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாமன் சீரைத் தட்டுகளில் சுமந்து பந்தலுக்குக் கொண்டுவருவார்கள். அதுவரை யார் கண்ணிலும் காட்ட மாட்டார்கள். பந்தலுக்கு வந்துவிட்டால் எதையும் மூடிவைக்கக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்து, பேர் சொல்லி, சபைக்குக் காட்ட வேண்டும். மூடிவைத்தால் மாமன் குறைவாகச் செய்துவிட்டான் என்று அர்த்தம்.

"யாருக்கும் காட்டாதே" என்று நான் சொன்னதைத் தங்கை, சபையில் வைக்கிறவரை காட்டாதே என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை. வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

எங்களுக்கு அது சனிக்கிழமை முற்பகல். மனைவி ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். நான் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, சமையலறை மேசையில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். எனக்குப் படம் தெரிய வேண்டும் என்பதற்காகவே பந்தலைத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் போட்டிருந்தார்கள். ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். பாஷா பாய் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். போதாததற்கு ஒடுகத்தூர் வீடியோக்காரர் வேறு யூடியூபில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார். அதையும் ஒரு பக்கம் திறந்துவைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முப்பத்தோரு பேர்.

மாப்பிள்ளை வீட்டார் கண்ணமங்கலத்தில் குடியேறிய எங்கள் சனம். மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டதால் கொஞ்சம் மிடுக்கு. முதல் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மைக்செட் ஏழுமலைதான் பேர் சொல்லிப் படிக்கிறவர். பன்னிரண்டாவது வரை போனவர், ஆங்கிலம் வாசிப்பார் என்று மலையில் ஒரு பேர் உண்டு. பட்டுப்புடவை, வேட்டி, பித்தளைக் குடம் எல்லாம் படித்தார். கடைசியாகத் தோல்பையை எடுத்தார். அதன்மேல் என் அஸ்தர் துண்டு மடிக்காமல் வைக்கப்பட்டிருந்தது. எண் போட்ட பட்டியல். சீர்த் தட்டில் எண் போட்ட பட்டியல் இருந்தால் அது என்னவாக இருக்கும்?

"போர்ச்சுகல் நாட்டிலிருந்து தாய்மாமன் அனுப்பி வைத்திருக்கும் ஸ்பெஷல் சீர். நம்பர் ஒன்று. கோட். அதாவது ஆடு."

கை தட்டினார்கள். எவரோ ஆடு கொண்டுவந்திருக்கிறார் போல என்று நானும் தட்டினேன்.

"நம்பர் இரண்டு. பிளாங்கெட். போர்வை."

என் கை அப்படியே நின்றது.

ஏணி. குடை. மாம்பழம். நான் கத்தினேன். பந்தலில் என் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ சொல்ல, பாஷா பாய் முன்பே என்னை ஊமையாக்கி வைத்திருந்தார். சைக்கிள். கரண்டி. நாற்காலி. பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டினார். தேன். ஏழுமலை ஒவ்வொன்றையும் முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். பத்தாவதில் கொஞ்சம் தயங்கினார்.

"டாங்கி. கழுதை."

கண்ணமங்கலத்துப் பெரியப்பா நீட்டிய காலை மடக்கினார்.

"நம்பர் பதினொன்று. அங்கிள். மாமா. நம்பர் பன்னிரண்டு. ஃபர்கெட். மறந்துவிடு." ஏழுமலை துண்டை இறக்கிவிட்டுச் சபையைப் பார்த்தார். "மாமாவை மறந்துவிடு என்று மாமாவே எழுதியிருக்கிறார். தூர தேசத்தில் தனியாக இருக்கிற மனசு."

பெண்கள் பக்கம் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் காரணம் வேறு.

5

கயல் அறையிலிருந்து ஓடிவந்தாள். "இன்னாப்பா ஆச்சு?"

சொன்னேன். அவள் போர்ச்சுகீசியத்தில் ஏதோ சொன்னாள். அது நான் கற்றுக்கொள்ளாத சொல், கற்றுக்கொள்ளவும் வேண்டாம். வீடியோவைப் பின்னால் தள்ளி, பன்னிரண்டு சொற்களையும் தன் கைப்பேசியில் போட்டுத் திறந்தாள். காசு அங்கேயேதான் இருந்தது. ஆனால் இவளால் ஒரு நிமிஷத்தில் திறக்க முடிந்ததென்றால் மீதி முப்பது பேரில் எவராலும் முடியும். அந்த முப்பது பேரையும் நான் நினைத்துப் பார்த்தேன். திருப்பூரில் என் சித்தப்பா மகன், பெங்களூரில் இரண்டு பேர். மீதி இருபத்தேழு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

"இப்பவே என் பெட்டிக்கு மாத்திடுறேன்," என்றாள்.

"வேணாம்."

"இன்னாப்பா நீ?"

"சபையில வெச்ச சீரு மாமன் வூட்டுக்குத் திரும்பக் கூடாதும்மா. கல்யாணம் நிக்குற மாதிரி அர்த்தம்."

கயல் என்னைப் பார்த்த பார்வையில் நான்கு வயதிலிருந்து இருபத்து நான்கு வயது வரை இருந்த தூரம் அத்தனையும் தெரிந்தது. ஆனாலும் அவள் பொத்தானை அழுத்தவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அதற்குள் பந்தலில் வேறு பிரச்சினை. பெரியப்பா எழுந்துவிட்டார். எல்லாம் சரி, பொருளெல்லாம் எங்கே என்று கேட்டார். படித்த சீரைக் காட்டாமல் விட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று மச்சான் முகம் வெளுத்தது. என்னைக் காப்பாற்ற அவர் செய்ததை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். மறுநாள் பிரியாணிக்குக் கட்டியிருந்த ஆடுகளில் ஒன்றை அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். புளி உலுக்குகிற ஏணி வந்தது. யாரோ வீட்டுப் போர்வை, ரேஷன் கடைக்காரரின் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தேன் பாட்டில், கூடை மாம்பழம், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியையே அவரை எழுப்பிவிட்டு வாங்கிவைத்தார்கள்.

நான் எழுதிக் காட்டியதைப் பாஷா பாய் ஒருவழியாகப் படித்து, என் வாயைத் திறந்துவிட்டு, மேட்டிலேயே தொட்டியை ஒட்டிப் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கிற அறைக்கு ஓடினார். செவ்வந்தி பாதிச் சடையோடு திரைக்கு வந்தாள்.

"மாமா, மொதல்ல மூச்சு வுடுங்க," என்றாள். அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற பிள்ளை. "இப்போ சொல்லுங்க."

கயல் சொன்னாள். கருவியைப் பழைய சொற்களை மறக்கச் செய்து, புதிதாக முடுக்கி, அது காட்டுகிற சொற்களைச் செவ்வந்தியே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அட்ரஸை மட்டும் அனுப்ப வேண்டும். செவ்வந்தி இரண்டே கேள்வி கேட்டாள், இரண்டும் நான் நான்கு வருஷமாகக் கேட்காத கேள்விகள். தட்டிலிருந்த பைக்குள்ளிருந்து கருவியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனாள். பாஷா பாய் சீரில் நான்காம் எண்ணான குடையை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார்.

அப்போது மலையில் கரண்ட் போனது. கரண்ட் போனால் டவரும் போகும். படம் உறைந்தது, குடை பாதி விரிந்தபடியே.

பத்து நிமிஷம். நான் உறைந்த படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கயல் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருக்குப்பா, இன்னும் இருக்குப்பா என்று ஜுரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாதிரி சொன்னாள். பந்தலுக்கு ஜெனரேட்டர் இருந்தது. வீடியோக்காரரிடம் இருந்தது வேறு சிம். யூடியூப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: ஆடு ஒன்று சைக்கிளை முகர்ந்துகொண்டிருந்தது.

திடீரென்று அந்தப் படத்துக்குள் செவ்வந்தி வந்தாள். நேராக ஏழுமலையிடம் போய் மைக்கை வாங்கினாள்.

மறுபடியுமா?

"போர்ச்சுகல் மாமாவுக்கு," என்றாள் மைக்கில். "அட்ரஸ் சொல்றேன். எல்லாம் சின்ன எழுத்து. ஒவ்வொண்ணா சொல்றேன், எழுதிக்குங்க."

கயல் சிரித்துவிட்டாள். அட்ரஸ் யார் காதில் விழுந்தாலும் பாதகமில்லை. அதற்குக் காசு வரும், அதை வைத்துக்கொண்டு யாரும் எடுக்க முடியாது. ஊர் கேட்க வேண்டியது ஒன்று, கேட்கக் கூடாதது ஒன்று. முதல் தடவை மாற்றிச் செய்தோம், இப்போது சரியாகப் போகிறது என்றாள்.

நாற்பத்திரண்டு எழுத்தும் எண்ணும். மேளக்காரர்கள் கம்மென்று இருந்தார்கள். கல்யாணப்பெண் மைக்கில் ஆங்கில எழுத்துச் சொல்வதைச் சபை மரியாதையாகக் கேட்டது. ஏதோ புது மந்திரம் என்று நினைத்திருக்கலாம். இரண்டு முறை சொன்னாள். முதலும் கடைசியும் சரிபார்த்தால் போதும் என்றாள் கயல். நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பழைய பெட்டி காலியானது. இன்னும் கொஞ்ச நேரத்தில், போய்ச் சேர்ந்ததற்குக் கயல் ஒரு பச்சை அடையாளம் காட்டினாள்.

அங்கேயும் வந்துவிட்டதா என்று கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. யூடியூபில் கீழே எழுதுகிற கட்டத்தில் "வந்து சேர்ந்ததா?" என்று தட்டினேன். வீடியோக்காரர் அதைக் காட்ட, ஏழுமலை மைக்கில் படித்தார்.

"போர்ச்சுகல் மாமா கேட்கிறார், வந்து சேர்ந்ததா? எல்லாம் வந்து சேர்ந்தது மாமா. கழுதை ஒன்றுதான் பாக்கி."

6

பழைய சொற்களை இங்கே நான் தாராளமாக எழுதியிருப்பதற்குக் காரணம், அந்தப் பெட்டியில் இப்போது ஒன்றுமில்லை. முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். முப்பது பேரில் யாரும் முயற்சி செய்யவில்லை என்றும் பிறகு தெரிந்தது. இருபத்தெட்டுப் பேர் சொந்தக்காரர்கள், மீதி இரண்டும் வீடியோக்காரரின் சொந்தக் கைப்பேசிகள்.

சீராக வந்துவிட்ட ஆட்டை அறுக்க முடியாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அது கண்ணமங்கலம் போய் இன்றைக்குக் குட்டிகளோடு படத்தில் நிற்கிறது. ஊரில் பிள்ளைகள் நொண்டி ஆடும்போது இப்போதும் கோட், பிளாங்கெட், லேடர் என்றுதான் கட்டத்துக்குக் கட்டம் தாண்டுகிறார்களாம். கண்ணமங்கலத்துப் பெரியப்பா விசேஷத்துக்கு விசேஷம் கழுதையைக் கேட்கிறார்.

கல்யாணமாகிப் பத்து நாள் கழித்துச் செவ்வந்தியைக் கூப்பிட்டேன். புதுச் சொற்களை எங்கே எழுதிவைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்கு மாமா?"

"தீ கீ புடிச்சா?"

"ரெண்டு எடத்துல வெச்சிருக்கேன்."

"எந்த ரெண்டு எடம்?"

"எங்கப்பாவுக்குத் தெரியாது. எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. கேட்டாரு, சொல்லல. உங்களுக்கும் சொல்ல மாட்டேன் மாமா. அதுக்குத்தான குடுத்தீங்க?"

அவளுக்குப் பின்னாலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது: "சொல்லாதடி."

என் அட்டை போன மாதம் வந்துவிட்டது. பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வாணியம்பாடிப் பக்கம் கழுதை கிடைக்குமா என்று பாஷா பாய் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆடு நன்றாக இருக்கிறது, குட்டிகளும் நன்றாக இருக்கின்றன என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மழைக்காலம் வருகிறதே, அந்த இரண்டு இடமும் நனையாத இடம்தானே என்று கூடவே ஒரு வரி போட்டுவிட்டேன்.

உடனே பதில் வந்தது.

"மாமா, உங்க பன்னண்டாவது சொல்லைப் படிங்க."